கேள்வி நேரம் பார்த்து மார்க் போடுகிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் மாடியில் கூடுகிறோம். நாடாளுமன்றக் கேள்வி நேரத்தைப் பார்த்து, கேட்கிற உறுப்பினருக்கும் பதில் சொல்கிற அமைச்சருக்கும் மதிப்பெண் போடுகிறோம். ஓய்வு பெற்ற துறைமுகத் தொழிலாளிகள், ரயில்வேக்காரர்கள், வீட்டு வேலையை முடித்துவிட்டு வரும் அக்காமார்கள், லீவு நாளில் கல்லூரிப் பிள்ளைகள் என்று கலந்த கூட்டம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கேள்வி நேரம் என்பது எது? டிவியில் சண்டை போடுவார்களே, அதுவா?

அது பெரும்பாலும் அதற்கு அப்புறம் வருவது. மக்களவை கூடும் நாட்களில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 நவம்பரிலிருந்து பகல் 12 முதல் 1 மணி வரை. மக்களவையில் 12 மணிக்குப் பிறகு, நீண்ட முன்னறிவிப்புக் காலம் இல்லாமல் அவசரப் பிரச்சினைகளைக் கிளப்புவது பூஜ்ய நேரம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு நாளைக்கு மக்களவையில் 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், 230 குறியிடாத கேள்விகள். குறியிடாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு முடிந்தது. நட்சத்திரக் கேள்விக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். குறைந்தது 15 நாள் முன்பே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். குலுக்கலில் பெயர் விழ வேண்டும். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து, வாரத்தில் ஆளுக்கொரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். ரயில்வேயைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் ரயில்வேக்குரிய நாளில்தான் கேட்க முடியும்.

அந்த ஒரு மணி நேரத்தில் 20 கேள்வியும் வாய்மொழிக்கு வந்துவிடாது. நாலைந்து, மிஞ்சினால் ஏழு. 2019 நவம்பர் 27 அன்று 20 கேள்விகளும் எடுக்கப்பட்டபோது, 1972க்குப் பிறகு இப்போதுதான் இப்படி நடக்கிறது என்று செய்தியே வந்தது.

சரி, எதற்கு மார்க்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும், ஆனால் கடைசியில் கேட்கிறார்கள்.

எங்கள் அளவுகோல் ஒன்றுதான். முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்த பதிலில் இல்லாத ஏதாவது ஒன்று அவையில் வெளியே வந்ததா? ஒரு தேதி, ஒரு தொகை, ஒரு வாக்குறுதி, "ஆமாம், தாமதம் ஆகிவிட்டது" என்ற ஒப்புதல். வந்திருந்தால் அது நல்ல கேள்வி நேரம். வரவில்லையென்றால் எவ்வளவு கைதட்டல் கிடைத்தாலும் எங்களிடம் மார்க் கிடையாது.

நடப்பது இதுதான். சபாநாயகர் பெயரை அழைத்ததும் உறுப்பினர் எழுந்து கேள்வி எண்ணை மட்டும் சொல்வார். அமைச்சர், "அறிக்கை அவையில் வைக்கப்பட்டுள்ளது" என்பார். இதில் யாருடைய திறமையும் தெரியாது. இரண்டுமே ஏற்கெனவே தாளில் இருப்பவை. அதற்கு அப்புறம் அந்த உறுப்பினருக்கு இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். துணைக் கேள்வி என்னவென்று அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. நிஜமான ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

நம்ம பக்கம் கேரம் ஆடாத பையன் கிடையாது. ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, ஃபாலோ போட வேண்டும். இல்லையென்றால் காய் திரும்பப் போர்டுக்கே வந்துவிடும். நட்சத்திரக் கேள்வி ரெட், துணைக் கேள்விதான் ஃபாலோ.

வெள்ளைக்காரன் காலத்திலேயே இதன் அருமை தெரிந்திருக்கிறது. 1892ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபை உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம் என்று அனுமதித்தது. துணைக் கேள்விக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. அந்த உரிமை 1909 சட்டத்தில்தான் வந்தது, அதுவும் முதலில் கேட்டவருக்கு மட்டும். ஒரு கேள்விக்கு அனுமதி கொடுத்தவர்கள் இரண்டாவது கேள்வியைப் 17 வருடம் தள்ளிப் போட்டார்கள் என்றால் எதற்குப் பயந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே உறுப்பினருக்குப் பத்துக்கு மார்க் போடும்போது மூல கேள்விக்கு 3, துணைக் கேள்விக்கு 5, நேரத்தை வீணாக்காமல் கேட்டதற்கு 2. அமைச்சருக்கு நேரடிப் பதிலுக்கு 5, தேதியோ எண்ணோ சொன்னால் 3, கையில் தகவல் இல்லையென்றால் அதை ஒப்புக்கொண்டு எழுத்தில் தருவதாகச் சொன்னால் 2. இந்தக் கடைசி 2 மார்க்கைப் பற்றி எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. தெரியாது என்பவருக்கு எதற்கு மார்க் என்று கேட்கிறார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசும் பழக்கம்தான் அவைக்குப் பெரிய கேடு என்பது என் வாதம். அதனால் அந்த 2 மார்க் அப்படியே இருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

கற்பனையாகவே சொல்கிறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை எடுத்துக்கொள்வோம். கேட் மூடினால் இரண்டு பக்கமும் ஆட்டோ, பள்ளி வேன், தண்ணி லாரி, சில நாள் ஆம்புலன்ஸ்கூட நிற்கும். இதைப் பற்றி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பதில் இப்படி இருக்கும்: "மேம்பாலப் பணிகள் மாநில அரசுடன் செலவைப் பகிர்ந்து மேற்கொள்ளப்படுகின்றன. பணி முடிவது நிலம் கையகப்படுத்துதல் உள்ளிட்ட பல காரணிகளைப் பொறுத்தது."

இப்போது துணைக் கேள்வி. ஒரு உறுப்பினர் எழுந்து வடசென்னையின் வரலாறு, உழைக்கும் மக்களின் கண்ணீர், புறக்கணிப்பு என்று ஒன்றரை நிமிடம் பேசிவிட்டு, "அரசு இதில் கவனம் செலுத்துமா?" என்று முடிக்கிறார். அமைச்சர், "நிச்சயம் கவனம் செலுத்துகிறோம்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். உறுப்பினர் சொன்னதெல்லாம் உண்மை. கிடைத்தது ஒன்றுமில்லை. ஐந்துக்கு 1.

இன்னொருவர் இப்படிக் கேட்கிறார்: "ரயில்வேயின் பங்குத் தொகை இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, அதில் எவ்வளவு செலவானது? வரைபடத்துக்கு ரயில்வே ஒப்புதல் தந்த தேதி என்ன?" இதற்குக் 'கவனம்' என்று பதில் சொல்ல முடியாது. எண் சொல்ல வேண்டும், அல்லது எண் இல்லை என்று சொல்ல வேண்டும். எது சொன்னாலும் மறுநாள் நாம் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். ஐந்துக்கு 5.

அமைச்சர் நழுவுகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொஞ்ச நாள் பார்த்தால் காது பழகிவிடும். மாநில அரசின் பொறுப்பு என்று தள்ளிவிடுவது ஒரு வகை. சில நேரம் அது சரியான பதில்தான், ஆகவே உடனே மைனஸ் போட்டுவிடாதீர்கள். சட்டம் ஒழுங்கு மாநிலத்துடையது. ஆனால் சென்னைத் துறைமுகமும் காமராஜர் துறைமுகமும் மத்திய அரசின் கீழ் இருப்பவை. அங்கே போகும் கன்டெய்னர் லாரி வரிசையைப் பற்றிக் கேட்டால் முழுப் பொறுப்பையும் மாநிலத்தின் தலையில் கட்ட முடியாது. கேள்வியைத் தொட்டும் தொடாமலும் அரசின் மொத்தச் சாதனைப் பட்டியலை வாசிப்பது இன்னொரு வகை. "முந்தைய ஆட்சியில்" என்று ஆரம்பித்தால் நாங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எப்போது கேள்விக்குத் திரும்புகிறார் என்று காத்திருப்போம். பல பகுதிகளாக வரும் கேள்வியில் பகுதி (அ)வுக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு மற்ற பகுதிகளுக்கெல்லாம் "கேள்வி எழவில்லை" என்பதும் உண்டு.

"தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்ற பதிலைக் கேட்டால் சோர்ந்துவிட வேண்டாம், குறித்து வையுங்கள். அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகப் பதிவாகும். அரசு உறுதிமொழிகளுக்கான குழு என்றே ஒன்று இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. எங்கள் நோட்டில் இப்படிப்பட்டவற்றுக்குத் தனிப் பக்கம்.

ஒன்று கவனியுங்கள். அவையில் அதிகாரிகளுக்கென்று தனி மாடம் உண்டு. அங்கிருந்து அமைச்சருக்குத் துண்டுச் சீட்டு வரும். அமைச்சர் பேசிக்கொண்டே கை நீட்டி வாங்குவார், கண் ஒரு நொடி தாளுக்குப் போய் வரும், வாக்கியம் நடுவில் திசை மாறும். சீட்டு வாங்குவது தப்பில்லை, எந்த அமைச்சருக்கும் எல்லா எண்ணும் மனப்பாடமாக இருக்காது. ஆனால் சீட்டு வந்த பிறகும் எண் வரவில்லையென்றால் அதற்கு அர்த்தம் உண்டு.

நல்ல குரல், நல்ல பேச்சு, இதற்கெல்லாம் மார்க் இல்லையா?

இல்லை. மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர் இது, அந்த ருசி எனக்கும் உண்டு. ஆனால் கேள்வி நேரம் மேடை அல்ல. மக்களவை விதிகளே கேள்வியில் வாதம், ஊகம், கிண்டல், அடைமொழி கூடாது என்கின்றன. கேள்வி 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. இந்த விதிகளை எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

தமிழில் கேட்டால் கூடுதல் மார்க் உண்டா?

கிடையாது, குறைப்பதும் கிடையாது. அவையில் தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது. அது உரிமை, அதற்கு மார்க் போடுவது சரியில்லை. இந்தியில் வரும் பதிலை எங்களுக்கு எடுத்துச் சொல்ல சௌகார்பேட்டையில் கடை வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் வராத நாட்களில் அவைக் குறிப்பு வெளிவந்த பிறகுதான் அமைச்சருக்கு மார்க்.

எல்லோரும் ஏதோ ஒரு கட்சிதானே. பாரபட்சம் வராதா?

வரும். வடசென்னையில் கட்சி இல்லாத ஆளைத் தேடிப் பிடித்துக் குழு அமைக்க முடியாது, அமைத்தாலும் அவர்களுக்கு இதில் அக்கறை இருக்காது. கட்சிக்காரர்கள் வரட்டும். ஒரே ஒரு நிபந்தனை: மார்க்குக்கு முன்னால் காரணத்தை எழுத வேண்டும். அதை மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர் உரக்கப் படிப்பார்.

எங்களுடன் ஒரு அண்ணன் இருக்கிறார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கட்சி உறுப்பினர் ஒருவர் அவையில் இடி மாதிரி முழங்கினார். அண்ணன் உடனே துணைக் கேள்விக்கு 5 போட்டார். காரணம் என்ற இடத்தில் "துணிச்சலாகக் கேட்டார்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அக்கா, "அண்ணே, நல்லாத்தான் பேசினாரு. கேள்விக்குறி எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க" என்றார். பதிவைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுப் பார்த்தோம். இரண்டு முறை பார்த்தோம். கேள்வியே இல்லை. அமைச்சரும் "உறுப்பினரின் கருத்தைக் குறித்துக்கொண்டோம்" என்று சொல்லி உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை எடுத்து 5ஐ அடித்துவிட்டு 1 போட்டார். அன்றிலிருந்து, எந்தக் கட்சி ஆள் பேசினாலும், கடைசி வாக்கியம் கேள்வியாக முடிகிறதா என்று முதலில் பார்ப்பவர் அவர்தான்.

ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சும்மா ஜால்ரா கேள்விதானே கேட்பார்கள்? அவர்களை விட்டுவிடலாமே.

விடக் கூடாது. "அமைச்சரின் சிறப்பான திட்டத்துக்கு நன்றி, அதன் பயன்களை விளக்குவாரா" வகைக் கேள்விகளுக்கு எங்களிடம் மூன்றுக்கு 0 நிச்சயம். ஆனால் இந்திய நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் சாதித்த பெரிய காரியங்களில் ஒன்று ஆளுங்கட்சிக்காரர்களால் நடந்தது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்டதைப் பற்றிக் காங்கிரஸ் உறுப்பினர்கள் ராம் சுபக் சிங்கும் பெரோஸ் காந்தியும் தங்கள் அரசையே கேட்டார்கள். பதில் திருப்தியாக இல்லை, விடாமல் துரத்தினார்கள். விவாதம் வந்தது, நீதிபதி சாக்ளா தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் நம்ம சென்னைக்காரர்.

அதே மக்களவையில் வடசென்னையின் உறுப்பினராக இருந்தவர் எஸ். சி. சி. அந்தோணி பிள்ளை, பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்கியவர். இந்தத் தொகுதிக்குக் கேள்வி கேட்கும் பாரம்பரியம் நேற்று வந்ததில்லை.

அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால்?

அன்றைக்கு யாருக்கும் மார்க் இல்லை, "இழந்த மணி" என்று எழுதிக் காரணத்தையும் பதிவு செய்வோம். எதிர்க்கட்சிக்கு வேறு வழி இல்லாமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எல்லாக் கட்சி நண்பர்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கேள்வி நேரம் நடக்காவிட்டாலும் அந்த 20 கேள்விகளுக்கும் எழுத்துப் பதில் அவையில் வைக்கப்பட்டதாகக் கணக்காகிவிடும். போவது துணைக் கேள்வி மட்டும்தான். அதாவது அமைச்சர் பயப்பட வேண்டிய ஒரே பகுதி காணாமல் போகிறது. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை விட்டபோதும் இதுதான் நடந்தது. எழுத்துப் பதில் வந்தது, எழுந்து நின்று பதில் சொல்வது போனது.

அமளி இல்லாமலும் அந்த மணி நேரம் வீணாவதுண்டு. 2009 நவம்பர் 30 அன்று கேள்வி கொடுத்த உறுப்பினர்கள் பலர் அவைக்கே வராததால் மக்களவைக் கேள்வி நேரம் பாதியில் முடிந்துபோனது. எனக்கு அமளியை விட இதுதான் அதிகம் வலிக்கிறது.

எண்ணூரில் எண்ணெய் பரவியபோது இந்தக் கேள்வி நேரம் என்ன உதவி செய்தது?

இதை எங்களிடம் எண்ணூர் மீனவர் குப்பமான நெட்டுக்குப்பத்துக்காரர்கள் கோபமாகவே கேட்டார்கள். கோபப்பட வேண்டிய விஷயம்தான்.

2023 டிசம்பர் 4ஐ ஒட்டி மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்துப் போயின. மீனவர்கள் வாளியிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளினார்கள். நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியதும் அதே டிசம்பர் 4. முடிந்தது 21. கேள்விக்கு 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்ணெய் வந்த மறுநாளே எழுதிக் கொடுத்திருந்தாலும் வாய்மொழிக் கேள்வியாக அது வரக்கூடிய முதல் நாளே 21தான், கூட்டத்தொடரின் கடைசி நாள். குறுகிய கால அறிவிப்புக் கேள்வி என்று ஒரு வழி உண்டு, அதற்கு அமைச்சர் சம்மதிக்க வேண்டும். மிச்சம் பூஜ்ய நேரம்தான். அதில் பேசலாம், ஆனால் அமைச்சர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதே கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தமிழக உறுப்பினர்கள் பலரும் அதில் இருந்தார்கள். அவர்கள் பெயரில் பட்டியலில் இருந்த கேள்விகளும் நீக்கப்பட்டுவிட்டன. கூட்டத்தொடர் முடிந்து ஐந்தாம் நாள், 26ஆம் தேதி இரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து மக்கள் வீட்டைப் பூட்டாமல்கூட ஓடினார்கள். கேட்க அவை இல்லை.

இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பே கேள்வியைத் தயார் செய்து உறுப்பினர்களிடம் கொடுக்கும் பழக்கத்துக்கு வந்திருக்கிறோம். எந்த அமைச்சகம், எந்த நாள், துணைக் கேள்வி இரண்டு, எல்லாம் ஒரே தாளில்.

நம்ம எம்பிக்கு எத்தனை மார்க்?

திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதி கொண்டது வடசென்னை, ஆறிலிருந்தும் இதே கேள்வி வருகிறது. ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டோம். குலுக்கலில் பெயர் விழாமல் ஒரு கூட்டத்தொடரே போகலாம், அது அவர் குற்றமல்ல. எழுந்து கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் போட்ட மார்க்கும் காரணமும் படிப்பக நோட்டில் இருக்கிறது, யாரும் வந்து புரட்டலாம்.

எத்தனை கேள்வி கேட்டார் என்ற கணக்கு இணையத்திலேயே இருக்கிறதே?

நாடாளுமன்றச் செயல்பாட்டை ஆராயும் பிஆர்எஸ் அமைப்பு உறுப்பினர்களின் வருகை, கேள்வி, விவாதம் எல்லாவற்றையும் எண்ணி வெளியிடுகிறது. நல்ல வேலை. சிறந்த உறுப்பினர்களுக்கான சன்சத் ரத்னா விருது 2010இல் நம்ம சென்னையில்தான் தொடங்கியது. நாங்களும் அந்த எண்களைப் பார்க்கிறோம். ஆனால் எழுதிக் கொடுத்த நூறு கேள்வியைவிட அமைச்சரை ஒரு தேதி சொல்ல வைத்த ஒரு கேள்வி பெரிது. அதை எண்ணிக்கை காட்டாது. அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை, ஆகவே அவர்கள் பெயருக்கு நேரே பூஜ்யத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பிரிட்டனில் பிரதமரையே கேட்பார்களாமே?

ஆமாம், புதன்கிழமை பகல் 12 மணிக்கு அரை மணி நேரம். மறுநாள் பத்திரிகைகள் யார் ஜெயித்தார் என்று எழுதும். நம் நாட்டில் பிரதமருக்கென்று தனிக் கேள்வி நேரம் இல்லை. அவர் பொறுப்பிலுள்ள துறைகளுக்குப் பெரும்பாலும் இணையமைச்சரே பதில் சொல்கிறார். இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

சட்டமன்றக் கேள்வி நேரத்தையும் பார்ப்பீர்களா?

பார்ப்போம். 2022 ஜனவரியிலிருந்து தமிழகச் சட்டமன்றக் கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. பட்டா, குடிநீர், மழைநீர்க் கால்வாய் எல்லாம் அங்கேதான்.

வேலைக்குப் போகிறவன் காலை 11 மணிக்கு எப்படிப் பார்ப்பது?

நேரலை பார்க்க முடிகிறவர்கள் குறைவுதான். சன்சத் டிவியின் யூடியூப் பக்கத்தில் பதிவு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாலை அதைப் போட்டுப் பார்க்கிறோம். வருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் அந்த நாளின் நட்சத்திரக் கேள்விகளும் எழுத்துப் பதில்களும் இருக்கும். உங்கள் தொழிலுக்கோ தெருவுக்கோ நெருக்கமான ஒன்றை எடுத்து, பதிலை முழுக்கப் படித்துவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன துணைக் கேள்வி கேட்பீர்கள் என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். அப்புறம் பதிவைப் போடுவோம். தாளும் பேனாவும் இங்கே இருக்கிறது, டீ எதிர்க் கடையிலிருந்து வரும்.